வாட்டம் மேஸ்திரி பார்த்துவைத்த கடற்கரை

யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் வாட்டம் மேஸ்திரி முதலில் கேட்பது, குளியலறை எங்கே என்றுதான். கை கழுவப் போகிறார் என்று வீட்டுக்காரர்கள் நினைப்பார்கள். அவரோ உள்ளே போய் ஒரு குவளைத் தண்ணீரை எட்டின மூலையில் ஊற்றிவிட்டு, இடுப்பில் கைவைத்து, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் நேரே ஓட்டையைத் தேடிப் போனால் சிரித்த முகத்தோடு வந்து சாப்பிட உட்காருவார். நடுவில் தேங்கி நின்றால் போச்சு. அன்றைக்கு அவருக்கு எதை வைத்தாலும் ருசிக்காது.

தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கும் மெல்லிய சரிவுக்குத்தான் டைல்ஸ் தொழிலில் வாட்டம் என்று பேர். அடிக்குக் கால் அங்குலம். அதற்குக் குறைந்தால் தண்ணீர் நிற்கும். ரொம்பக் கூடினால் மனுஷன் நிற்க முடியாது. முப்பத்திரண்டு வருஷத்தில் எண்ணூறு குளியலறைக்கு மேல் போட்டாகிவிட்டது. ஒன்றிலும் ஒரு சொட்டு தேங்கியதாகப் புகார் வந்ததில்லை. கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலுக்குத்தான் வாட்டம் மேஸ்திரி என்று பேர் வைத்தார்கள். அவர் அதை யாரோ பொன்னாடை போர்த்தியது போல எடுத்துக்கொண்டார். மகளுக்கு வரன் பார்க்கப் போன இடத்தில் மற்றவர்கள் பையனுக்கு என்ன வேலை, குணம் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருக்க, இவர் ஈரக் காலோடு குளியலறையிலிருந்து வந்து, "நல்ல குடும்பம்" என்று தீர்ப்புச் சொன்னார். பையன் நல்லவனாகவே அமைந்துவிட்டான். அப்புறம் மேஸ்திரியைக் கையில் பிடிக்க முடியுமா?

இப்படிப்பட்டவர் வீட்டிலேயே அது நடந்தது.

ஏதோ ஒரு பெரிய வீட்டு வேலையில் மிச்சமான வெள்ளை டைல்ஸ். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. அதைக் கொண்டுவந்து சொந்தக் குளியலறையில் போட்டார். அவர் மனைவி முன்னறையில் மூன்று மெஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். துணியை விரலால் தடவியே தரம் சொல்லிவிடுவாள். டைல்ஸையும் அப்படித்தான் தடவிப் பார்த்தாள்.

"இது வழுக்குங்க. சொரசொரப்பா வேற போடுங்க."

"வாட்டம் சரியா இருந்தா தண்ணி நிக்காது. தண்ணி நிக்கலைன்னா எதுக்கு வழுக்கும்? நான் போட்டா வழுக்காது" என்றார்.

எட்டாம் நாள் வழுக்கியது. இடுப்பு எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே மேஸ்திரி அந்தத் தரையை உடைத்துப் பெயர்த்துவிட்டு, சொரசொரப்பான கல்லாகப் பார்த்துப் போட்டார். துணைக்கு ஒரு ஆளைக் கூப்பிடவில்லை. ஏன் உடைத்தார் என்றும் யாரிடமும் சொல்லவில்லை. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "சோப்பு கிடந்திருக்கு, பாக்காம மிதிச்சுட்டா" என்றார். படுக்கையில் கிடந்தவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, வாக்கரைத் தூக்கி மூலையில் போடுங்கள் என்கிறார் டாக்டர். அவளோ வாக்கர் இல்லாமல் வாசல்வரைகூட வருவதில்லை. ஈரத் தரை என்றால் வாக்கர் இருந்தாலும் காலை வைப்பதில்லை. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் மகள்தான் தினமும் வேலைக்குப் போகும் முன்னால் வந்து, கையைப் பிடித்துக் குளியலறைக்குள் கூட்டிப்போய், குளிக்கவைத்து, தரையைத் துணியால் ஒற்றியெடுத்த பிறகு வெளியே கூட்டிவருவாள். ஒருநாள் மேஸ்திரி, "நான் பிடிக்கிறேன், வா" என்று கையை நீட்டினார். "அவ வரட்டும்" என்றாள் மனைவி. சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. அவர் கையை மட்டும் பிடிக்கமாட்டாள், அவ்வளவுதான். நீட்டிய கையை அவர் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு வெளியே போனார்.

மகளுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அடுத்த மாதம் மாப்பிள்ளையோடு கிளம்பியாக வேண்டும். அதன் பிறகு அம்மாவின் கையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? கிளம்புவதற்குள் நான்கு பேரும் மூன்று நாள் கடற்கரைக்குப் போய்வரலாம் என்று அவள்தான் ஏற்பாடு செய்தாள். அம்மா ஒரே ஒரு தடவை ஈரத்தில் காலை வைத்துவிட்டால் போதும், பயம் தெளிந்துவிடும் என்பது அவள் நினைப்பு.

அந்த ஊரைச் சுற்றி ஆறு கடற்கரைகள். தங்கும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் மகள் செல்போனில் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் வந்துபோனவர்கள் எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்று வாசித்தாள்.

"நட்சத்திரம் கொடுத்தவன் ரசமட்டம் வச்சுப் பாத்தானா?" என்றார் மேஸ்திரி.

"அப்பா, இது கடற்கரைப்பா."

"கடற்கரைன்னா என்ன? தரை இருக்கு, தண்ணி இருக்கு. அதுக்கு மேல என்ன இருக்கு? கடற்கரையை நான் பாக்குறேன். நீங்க நிம்மதியா தூங்குங்க."

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார். "எந்தக் கடலா இருந்தா எனக்கென்ன? நான் வண்டியிலயே உக்காந்துக்குறேன்" என்றாள் மனைவி.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மேஸ்திரி மாப்பிள்ளையை எழுப்பி வண்டியை எடுக்கச் சொன்னார். கையில் ஒரு பை. உள்ளே தரை மட்டமா சரிவா என்று காட்டும் ரசமட்டம், நூல், அளவு டேப். அக்குளில் மூன்றடி நீளத்தில் ஒரு பலகை. விடுமுறைக்குக் கிளம்புகிறவன் பலகையோடு கிளம்புவானா என்று மாப்பிள்ளை மனசுக்குள் கேட்டுக்கொண்டார். வாயைத் திறந்து கேட்க அவர் என்ன பைத்தியமா?

முதல் கடற்கரைக்குப் பதினோரு கல்படி இறங்க வேண்டும். கடைசிப் படி பெயர்ந்து ஆடியது. "அடுத்தது" என்றார் மேஸ்திரி. இரண்டாவதற்குத்தான் நட்சத்திரம் அதிகம். அங்கே அலை மணலை அரித்து அரித்து, கரை சடாரென்று இறங்கியது. பலகையைப் போட்டு, மேலே ரசமட்டத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "அடிக்கு ரெண்டே முக்கால் அங்குலம். இது கடற்கரையா, ஓட்டுக் கூரையா?" மூன்றாவதில் வாட்டம் பரவாயில்லை. ஆனால் சாலையிலிருந்து தண்ணீர்வரைக்கும் காய்ந்த மணல். கீழே கிடந்த குச்சியை எடுத்து ஊன்றினால் ஒரு சாண் உள்ளே போனது. வாக்கரை வைத்தால் அதைத் தோண்டி எடுக்கத் தனியாக ஆள் வேண்டும்.

அந்த வழியாக ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்று, "என்ன சார், வீடு கட்டப் போறீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல, குளிக்கப் போறோம்" என்றார் மேஸ்திரி, தலையைத் தூக்காமல்.

மாப்பிள்ளை பத்தடி தள்ளிப் போய், யாரோ எவரோ என்பது போல நின்றுகொண்டார்.

நாலாவது கடற்கரைக்குப் போனபோது மணி ஏழு. பார்த்த மாத்திரத்தில் மேஸ்திரிக்கு முகமெல்லாம் பல். படகு இறக்குவதற்காக யாரோ எப்போதோ போட்ட சிமெண்ட் பாதை ஒன்று, சாலையிலிருந்தே ஆரம்பித்து, நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. படி இல்லை, புதைகிற மணல் இல்லை. வீட்டு முற்றத்தில் நடக்கிற மாதிரி நடந்து வந்து, அப்படியே தண்ணீரில் காலை வைக்கலாம். பாதையிலும் பலகையைப் போட்டுப் பார்த்தார், பக்கத்து மணலிலும் போட்டுப் பார்த்தார். அடிக்குக் கால் அங்குலம். தானே நூல் கட்டிப் போட்டிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது என்று அவரே ஒப்புக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே நாற்காலி வாடகைக்கு விடுகிற அம்மா ஒருத்தி, பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே இவர் பண்ணுகிற கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடும்பத்தோட எத்தனை மணிக்கு வர்றீங்க?" என்று கேட்டாள்.

"எப்ப வந்தா என்னம்மா, வாட்டம் மாறவா போகுது?"

"வாட்டம் மாறாதுங்க. தண்ணிதான்..."

"தண்ணியை நான் பாத்துக்குறேன். முப்பத்திரெண்டு வருஷமா எனக்கு அதுதான் வேலை."

அந்த அம்மா வாயை மூடிக்கொண்டு அடுத்த நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தாள். எல்லாம் தெரிந்தவரிடம் யார் என்ன சொல்லிவிட முடியும்?

மத்தியானம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, நான்கு பேருமாகக் கிளம்பினார்கள். வழியெல்லாம் மேஸ்திரி அந்தப் பாதையின் அருமை பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி வெயிலில் மாப்பிள்ளை வண்டியை நிறுத்தினார். நிறுத்தியவர் இறங்கவில்லை.

"மாமா," என்றார் மெதுவாக. "கடலைக் காணோமே."

காணோம்தான். காலையில் பாதையை நக்கிக்கொண்டு கிடந்த கடல், நூற்றைம்பது அடி தள்ளி மெல்லிய கோடாகத் தெரிந்தது. நடுவில் பரந்து கிடந்தது வெறும் ஈர மணல். சிமெண்ட் பாதை முழுக்க வெளியே வந்திருந்தது. மேல் பாதி காய்ந்து சாம்பல் நிறத்தில் இருந்தது. காலையில் தண்ணீருக்குள் இருந்த கீழ்ப் பாதி பச்சைப் பசேல் என்று பாசி பிடித்து, வெயிலில் பளபளத்தது.

மேஸ்திரி முகத்தில் ஈயாடவில்லை. அவர் மூளை மட்டும் பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டது. கடல் மூன்றடி இறங்கினால், அடிக்குக் கால் அங்குல வாட்டத்தில் அது கிட்டத்தட்ட நூற்றைம்பது அடி எட்டிப்போகும். சின்னப் பிள்ளைக்குத் தெரிகிற கணக்கு. ஆனால் அவர் எண்ணூறு குளியலறையில் ஊற்றிய தண்ணீரும் ஓட்டைக்குள் போனதோடு சரி. போய்விட்டுத் திரும்பி வருகிற தண்ணீரோடு அவர் வேலை பார்த்ததே இல்லை.

வண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்றவள் இறங்கினாள். மகள் ஓடிவந்து வாக்கரைப் பிரித்துக் கொடுத்தாள். காய்ந்த சிமெண்டில் அடிமேல் அடிவைத்து, பாசி ஆரம்பிக்கிற இடம்வரை வந்து நின்றாள். வாக்கரின் ஒரு காலை மட்டும் நீட்டிப் பச்சையின்மேல் வைத்து அழுத்தினாள். அது சர்ரென்று விலகி ஓடியது.

"காலையில இது தண்ணிக்குள்ள இருந்துச்சா?" என்று கணவரைக் கேட்டாள்.

"ஆமா."

"இதுலதான் நான் காலை வைக்கிறதா இருந்துச்சா?"

"அம்மா, விடும்மா. வேற இடம் போலாம்" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. நான் இவரைக் கேக்குறேன்."

மேஸ்திரி பாசியையே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமாக அவர் வாயில் வார்த்தைக்குப் பஞ்சம் கிடையாது. இந்தப் பாதையைப் போட்டவனைத் திட்டியிருக்கலாம், கடலைத் திட்டியிருக்கலாம், வண்டியை மெதுவாக ஓட்டிய மாப்பிள்ளையைக்கூடத் திட்டியிருக்கலாம்.

"ஆமா, இதுலதான்" என்றார். "வாட்டத்தைப் பாத்தேன். தரையைப் பாக்கலை." குனிந்து பாசியை விரலால் தடவிப் பார்த்தார். "அன்னைக்கும் இதே கதைதான். நீ தடவிப் பாத்துச் சொன்னே, நான் காதுல வாங்கலை. சோப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் போட்ட தரைதான் உன்னைத் தள்ளுச்சு. என் தப்புதான்."

"அன்னைக்கு நான் சோப்பையே எடுக்கலை" என்றாள் அவள். "காலைக் கழுவத்தான் போனேன். நீங்க வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சோப்பு சோப்புன்னு சொல்லும்போது, படுத்துக்கிட்டே யோசிப்பேன். இவரு தெரிஞ்சே சொல்றாரா, இல்ல நெஜமாவே இவருக்கு இன்னும் தெரியலையான்னு. தெரியாத ஆள் போட்ட தரையில நான் எதை நம்பிக் காலை வைக்கிறது?"

"புதுசா போட்டேனே..."

"போட்டீங்க. எதுக்குன்னு சொன்னீங்களா?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வேஷம் கலைந்த பிறகு எதற்கு மறைப்பது என்று அப்படியே நின்றார். அவளுக்கும் உள்ளே ஏதோ இறங்கிப் போனது போல இருந்தது. ஒன்றரை வருஷமாக 'என் தப்புதான்' என்ற இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கே இப்போதுதான் விளங்கியது. மாப்பிள்ளை வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருப்பது போல.

"சரி, அழுதது போதும்" என்றாள் மனைவி. "இந்த ஈர மணல் எப்படி? வாட்டத்தைச் சொல்லாதீங்க. காலை வச்சுப் பாத்துச் சொல்லுங்க."

மேஸ்திரி செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈர மணலில் இறங்கி நடந்தார். குதிகாலை ஊன்றி இழுத்துப் பார்த்தார். நின்ற இடத்திலேயே இரண்டு தடவை குதித்தும் பார்த்தார். நாற்காலிக்கார அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வழுக்கலை" என்றார், அங்கிருந்தே சத்தமாக. "லேசா உள்வாங்கிப் பாதத்தைப் புடிச்சுக்குது. கால் புதையலை. நல்லா இறுகிக் கிடக்கு."

"காலையிலயே சொல்ல வந்தேன், இவரு எங்க விட்டாரு?" என்றாள் நாற்காலிக்கார அம்மா, மேஸ்திரி மனைவியிடம் வந்து. "தண்ணி திரும்பிட்டு வருதும்மா. இன்னும் ஒரு மணி நேரத்துல அந்தா அந்தக் கல்லுகிட்ட வந்துரும். மெதுவாத்தான் வரும், பயப்பட ஒண்ணுமில்ல."

மனைவி கல்லைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். "அப்ப நான் எதுக்கு அதுகிட்டப் போகணும்? அதுதான் வருதே. கல்லுப் பக்கத்துல ஒரு நாற்காலி போடச் சொல்லு" என்றாள் மகளிடம்.

காய்ந்த சிமெண்டின் ஓரத்திலேயே மணலில் இறங்கினாள். வாக்கரின் நாலு காலும் ஈர மணலில் விரற்கடை அளவுகூட இறங்கவில்லை. இருபத்தைந்து எட்டு. ஒவ்வொரு எட்டுக்கும் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி நாற்காலி சமமாக இருக்கிறதா என்று பார்க்கப் பைக்குள் கையை விட்டார். மனைவி பார்த்த பார்வையில், விட்ட கையை வெறுங்கையாகவே வெளியே எடுத்தார்.

கடல் சொன்ன சொல் தவறாமல் வந்தது. முதலில் பத்தடி தள்ளி ஒரு நுரைக் கோடு, அப்புறம் எட்டடி, அப்புறம் ஒன்று தைரியமாக ஓடிவந்து அவள் கட்டைவிரலைத் தொட்டது. அவள் வெடுக்கென்று இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டாள். அடுத்த அலை நாற்காலிக் காலைச் சுற்றிவிட்டுப் போனது. அதற்கடுத்தது வரும்போது ஒரு காலை இறக்கினாள். பிறகு இன்னொன்றை. தண்ணீர் பாதத்துக்கு அடியிலிருந்து மணலை உருவும்போது, நன்றாக நெய்த துணியைத் தொட்டது போல முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"வாக்கரை எடுத்து அந்தப் பக்கம் வை" என்றாள் மகளிடம். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "கையைக் குடுங்க" என்றாள்.

குடுத்தார். அவள் எழுந்து நின்றாள். கணுக்கால்வரை தண்ணீர். எண்ணூறு குளியலறை போட்ட கை நடுங்கியது. அவள் கை நடுங்கவில்லை.

"நடுங்காம புடிங்க. ரெண்டு பேரும் சேர்ந்து விழவா?"

மகள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருவரும் கரையோரமாகக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார்கள். திரும்பும்போது யார் யாரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தெரியாது.

திரும்பும் வழியில் மாப்பிள்ளை, "நாளைக்கு எந்தக் கடற்கரை மாமா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டார். மேஸ்திரி வாயைத் திறந்தார். திறந்ததை மூடிக்கொண்டு பின்சீட்டைப் பார்த்தார்.

"படி இருக்கிற எதுவும் வேண்டாம்" என்றாள் மனைவி. "மிச்சம் இருக்கிற ரெண்டுலயும் தண்ணி எப்ப ஏறும், எப்ப எறங்கும்னு அந்த ஊர்க்காரங்ககிட்டக் கேளுங்க. கேட்டுட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் நான் எறங்கிப் பாத்து முடிவு பண்றேன்."

"கேக்குறேன்" என்றார் மேஸ்திரி. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

விடுதி அறைக்கு வந்தபோது அவள் கால் முழங்கால்வரை மணல். மகள் வழக்கம் போலத் துண்டை எடுத்துக்கொண்டு கூட வந்தாள். "துண்டை மட்டும் குடு" என்றாள் அம்மா. வாக்கரைக் கட்டிலோரம் விட்டுவிட்டு, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி கதவுக்கு வெளியே போய் நின்றார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம். பிறகு தரையில் தண்ணீர் விழும் சத்தம். மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. அவள் பாதம் தரையில் பதிந்து பதிந்து எழும் சத்தம் மட்டுமே காதில் விழுந்தது.

"வாசல்ல நிக்காதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கதவுக்கு அடியில உங்க நிழல் தெரியுது. போய் எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வாங்க. நான் வந்துருவேன்."

மேஸ்திரி செருப்பைப் போட்டுக்கொண்டு டீ சொல்லப் போனார்.